கைப்பேசிக்கு வரும் இரண்டு வரி

ஆரணி, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் அப்பாவும் அம்மாவும் சிப்காட் ஷிப்டுக்குப் போகிற வீடுகள் உண்டு. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் அது. குட்காவைத் தமிழ்நாடு 2013லேயே தடைசெய்துவிட்டது. ஆனாலும் ஹான்ஸ், உதட்டுக்குள் ஒதுக்கும் கூல் லிப் போன்ற புகையிலைப் பொருட்கள் எல்லாம் மாணவர் கைக்கு எட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. 2019இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 13 முதல் 15 வயது மாணவர்களில் நூற்றுக்கு எட்டரைப் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்தினார்கள்.

அந்த நேரத்தில் பிள்ளையோடு இருப்பது கைப்பேசி. அதன் வழியாகவே துணை அனுப்பலாம் என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. 2011இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் புகைபிடிப்பவர்கள் 5,800 பேர் கலந்துகொண்டார்கள். முதல் ஐந்து வாரம் தினம் ஐந்து குறுஞ்செய்தி, பிறகு வாரம் மூன்று. ஆசை தாங்க முடியாதபோது ஒரே ஒரு சொல்லை அனுப்பினால் உடனே பதில் வரும். புகைக்கும் ஆசை சில நிமிடங்களில் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களைக் கடத்திவிடுவதுதான் பதிலின் வேலை. ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோது, இந்தச் செய்திகளைப் பெற்றவர்களில் 10.7 விழுக்காட்டினர் புகைக்காமல் இருந்தார்கள்; மற்றவர்களில் 4.9தான். அமெரிக்காவில் இ-சிகரெட் பிடித்த 13–17 வயதினர் 1,503 பேரிடம் இதே முறையைச் சோதித்தார்கள். 2024இல் வந்த முடிவு: ஏழு மாதம் கழித்து விட்டிருந்தவர்கள் 37.8 விழுக்காடு, செய்தித் திட்டம் கிடைக்காதவர்களில் 28. சுவிட்சர்லாந்தில் இன்னும் ஒரு படி முன்னே போய், பழக்கம் தொற்றும் முன்பே 22 வாரம் பள்ளிப் பிள்ளைகளோடு செய்திவழி பேசினார்கள். மன அழுத்தத்தை எப்படிக் கையாள்வது, நண்பன் நீட்டும்போது எப்படி மறுப்பது என்பவைதான் பேச்சு.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் 011-22901701 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும் என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. அதன் பிறகு செய்திகள் தேடி வரும். காசு செலவில்லை, ஸ்மார்ட்போன் வேண்டாம், இணையமும் வேண்டாம். இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட செய்தியைத் தமிழில் எழுதும்போது இடம் சுருங்கும். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து அதில் அடங்கும். தமிழுக்கு 70 இடம்தான். மெய்யின் புள்ளிக்கும் துணைக்காலுக்கும் தனித்தனி இடம் என்பதால், ‘வேண்டாம்’ என்ற நாலெழுத்துச் சொல்லே எட்டு இடத்தைத் தின்றுவிடும். அறிவுரைக்கு இடமே இல்லை. “தண்ணி குடி. அஞ்சு நிமிஷம் நட.” இப்படிச் சுருக்கமாகத்தான் எழுத முடியும், பிள்ளைக்குத் தேவையும் அவ்வளவுதான்.

ஆனால் நம் வீடுகளில் ஒரே போன் பல கை மாறும். அம்மா கண்ணில் பட்டால் அடி விழும் என்று பயந்தால் பிள்ளை சேரவே மாட்டான். அதனால் செய்தியில் புகையிலை என்ற பெயரே வரக்கூடாது. எந்த நேரத்துக்கு வரவேண்டும் என்பதைப் பிள்ளையே சொல்ல வேண்டும். எழுத்தே வேண்டாம் என்பவனுக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது. அதில் ஆலோசகரிடமே நேரடியாகப் பேசலாம்.