படத்தில் இல்லாத ஆறு

பள்ளிக்கூடத்துச் சுவரில் தொங்கும் தேசப் படத்தில் ஆறுகளைக் காட்டும் நீலக் கோடுகள் தாமாகவே வந்து அமர்ந்தவை என்று பிள்ளைகள் எண்ணுகிறார்கள். ஒரு கோடு பிழையானதால் ஓர் உயிர் போயிற்று. அந்தக் கோட்டைத் திருத்தியவள் இறந்தவரின் மனைவி.

வட அமெரிக்காவின் கீழ்க்கோடியில் லாப்ரடார் என்ற குளிர்ப் பிரதேசம் உள்ளது. பாறையும் சதுப்பும் எண்ணற்ற ஏரிகளும் நிறைந்தது. 1903-ஆம் ஆண்டில் லியோனிடாஸ் ஹப்பர்டு என்ற பத்திரிகை எழுத்தாளர், டில்லன் வாலஸ், ஜார்ஜ் எல்ஸன் என்னும் இருவருடன் தோணியேறி அதன் உட்பகுதியை ஆராயப் புறப்பட்டார். கிராண்டு ஏரியில் ஓர் ஆறுதான் வந்து விழுவதாக அவர்களுடைய படம் காட்டிற்று. உண்மையில் விழுபவை பல. நாஸ்காப்பி என்னும் பெருநதியின் முகத்துவாரத்தைத் தவறவிட்டு, ஸூஸன் என்ற சிற்றாற்றில் ஏறினார்கள். தோணியைச் சுமப்பதிலேயே கோடை கழிந்தது, உணவும் தீர்ந்தது. திரும்பும் வழியில், அக்டோபர் மாதம், ஹப்பர்டு பட்டினியால் மாண்டார். மற்ற இருவரும் பிழைத்தனர்.

கணவர் தொடங்கிய வேலையை முடிப்பதென்று மைனா ஹப்பர்டு உறுதி கொண்டாள். 1905 ஜூன் 27-ஆம் தேதி, க்ரீ குலத்து வழிவந்த அதே எல்ஸனையும் வேறு மூவரையும் துணைகொண்டு புறப்பட்டாள். நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை ஸெக்ஸ்டன்ட் கருவியால் அளந்தால், தேதியைக் கொண்டு அவ்விடத்தின் அட்சரேகையைக் கணக்கிடலாம். இடைப்பட்ட வளைவுகளைத் திசைகாட்டியால் குறித்து, அந்தப் புள்ளிகளை இணைத்தால் ஆறு காகிதத்தில் உருப்பெறும். இவ்வாறு நாஸ்காப்பி வழியே ஏறி, மிச்சிகமாவ் ஏரியைக் கடந்து, ஜார்ஜ் நதியின் போக்கிலே இறங்கி, 576 மைல் சென்று, ஆகஸ்டு இறுதியில் உங்காவா விரிகுடாவை அடைந்தாள். தனியாக வந்த வாலஸின் கோஷ்டி அங்கே சேர்ந்தது அக்டோபரில்தான்.

அந்நதிகளை இன்னு மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். அறியாதிருந்தது படம் ஒன்றே!

1970-களில் மின்சாரத்திற்காகக் கட்டிய நீர்த்தேக்கத்தில் மிச்சிகமாவ் ஏரி கலந்து மறைந்தது. அதன் பழைய கரையைக் காண விரும்புவோர் இன்று அவளுடைய படத்தைப் போன்ற பழைய படங்களைத்தான் விரிக்க வேண்டும். நம் வீட்டுப் பிள்ளை தேசப் படத்தில் ஆற்றின்மேல் விரலோட்டும்போது, அந்த வழியை நடந்து அளந்தவர்களையும் சற்றே நினைக்கச் சொல்லுவோம்.