இங்கிலாந்தின் மாவட்டப் பைத்தியசாலைகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலே சித்தசுவாதீனமிழந்த வறியோருட் பலர் ஏழைவிடுதிகளிலும் சிறைகளிலும் கிடந்தனர். அவர்களுக்கெனத் தனி நிலையம் அமைக்க மாவட்ட நீதவான்களுக்கு அதிகாரமளித்தது 1808ஆம் ஆண்டுச் சட்டம். நொட்டிங்ஹாமில் 1812இல் அத்தகைய நிலையமொன்று திறக்கப்பெற்றது. ஆயின் அச்சட்டம் அனுமதித்ததேயன்றிக் கட்டாயப்படுத்தவில்லை. வரிச்சுமைக்கு அஞ்சிய மாவட்டங்கள் பல வாளாவிருந்தன. இலண்டன் பெத்லெம் மருத்துவமனையிலே ஜேம்ஸ் நொறிஸ் என்பவர் கழுத்திலும் உடலிலும் இரும்பு பூட்டப்பெற்றுப் பல்லாண்டு கிடந்தமை 1814இல் வெளிப்பட்டு நாட்டை நடுக்குறச் செய்த பின்னரும் நிலைமை விரைந்து மாறிற்றில்லை. ஆஷ்லி பிரபுவின் முயற்சியால் 1845இலேதான் பைத்தியசாலை அமைத்தல் மாவட்டங்களின் கடமையாயிற்று.

இதற்கிடையில் விலங்கின்றியும் நோயாளரைப் பேணலாம் என்பது தெளிவாகியிருந்தது. தேயிலை வணிகரான வில்லியம் டியூக், குவேக்கர் சமயத்தாரின் துணையுடன் 1796இல் யோர்க் நகரில் திறந்த இல்லத்தில், அன்பான நடத்தையும் தோட்டவேலையும் மருந்தாயின. லிங்கன் நகரில் றொபேட் காடினர் ஹில் 1838அளவிற் கட்டுகளை முற்றாக நீக்கினார். சிறிய நிலையத்திற்கே இது பொருந்தும் என்றனர் பலர். மிடில்செக்ஸ் மாவட்டத்துக்குரிய ஹன்வெல் சாலையோ நூற்றுக்கணக்கானோரைக் கொண்டது. அங்கும் 1839இற் பொறுப்பேற்ற ஜோன் கொனொலி தோல்வார்களையும் விலங்குகளையும் அகற்றிக் காட்டினார். பணியாளர் தொகையும் அவர்தம் பொறுமையுமே இம்முறையின் உயிர்நாடி.

அவ்வுயிர்நாடியை எண்ணிக்கை நெரித்தது. பைத்தியசாலையில் வைக்கப்பெறும் ஒவ்வோர் ஏழை நோயாளிக்கும் வாரம் நான்கு சிலிங் வழங்க அரசாங்கம் 1874இல் முன்வந்தது. ஏழைவிடுதியில் இருப்போருக்கு அவ்வுதவி இல்லை. எனவே பிறர்க்குத் தீங்கு செய்யாத முதியோரையும் பிறவியிலேயே அறிவு குன்றியோரையும் பைத்தியசாலைக்கு அனுப்புதல் உள்ளூர் அதிகாரிகளுக்கு இலாபமாயிற்று. (இரக்கத்தையும் வரவுசெலவுக் கணக்கையும் ஒருங்கே அமர்த்தினால் எது முந்தும் என்பது விளக்க வேண்டுவதன்று.) 1851இல் திறக்கப்பெற்ற கொல்னி ஹட்ச் சாலையிற் காலப்போக்கில் ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் நிறைந்தனர். அத்துணைப் பெருங்கூட்டத்தில் ஒரு நோயாளியின் பெயரையேனும் மருத்துவர் நினைவிற் கொள்ளுதல் அரிது. இரும்பு விலங்கு போயிற்று. உயர்ந்த மதிலும் பூட்டிய கதவும் நின்றன.

1930இற் சட்டம் பெயரை மாற்றி 'மனநோய் மருத்துவமனை' என்றது. உள்ளிருப்போர் தொகை குறைந்திலது. 1950களின் நடுவில் இங்கிலாந்திலும் வேல்சிலுமாக ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் இருந்தனர். இம்மருத்துவமனைகளை மூடவேண்டுமெனச் சுகாதார அமைச்சர் ஈனொக் பவல் 1961இல் அறிவித்தார். கொல்னி ஹட்ச் 1993இல் மூடப்பட்டது. அக்கட்டடம் பின்னர் வசதியுடையோர் வாழும் மாடிமனைகளாக மாற்றப்பெற்றது.