கம்ப்யூட்டருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்!

கல்யாணம் என்றால் வீட்டுப் பெரியவர்கள் பொருத்தம் பார்க்கிறார்கள். பெண் நல்ல பெண். பையனும் நல்ல பையன். ஆனாலும் இருவருக்கும் ஒத்துப் போகுமா என்று யோசிக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் சாமான்களும் அப்படித்தான். தனித்தனியே பார்த்தால் எல்லாம் நல்ல சரக்கு. ஒன்றாகச் சேர்த்தால், ஒன்று உள்ளே நுழையாது. மற்றொன்று வேலை செய்யாது.

பணம் போன பிறகு அது தெரிந்து என்ன பயன்?

சீட்டுப் பணம்

ஒரு தையற்காரர் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் கல்லூரியில் சேரப் போகிறாள். படிப்புக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். வீட்டில் ஒரே அறை. ஒரு மூலையில் தையல் மிஷின். அதன் பக்கத்தில் ஓர் அலமாரி. அந்த அலமாரித் தட்டில் அடங்குகிற கம்ப்யூட்டராக இருக்க வேண்டும். கையில் இருப்பது சீட்டு எடுத்த பணம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

அப்பாவும் மகளும் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறார்கள். அண்ணா சாலையை ஒட்டிய அந்தத் தெரு முழுவதும் எலெக்ட்ரானிக் கடைகள். ஒரு கடையில் பிராசஸர் மலிவு. அடுத்த கடையில் மதர்போர்டு மலிவு. மூன்றாவது கடையில் ராம் மலிவு. ஒவ்வொன்றையும் மலிவான இடமாகப் பார்த்து வாங்கினால் என்ன ஆகும்?

வீட்டில் வந்து பிரித்தால், பிராசஸர் போர்டில் உட்காராது. ராம் பள்ளத்தில் இறங்காது. திருப்பிக் கொண்டு போனால், "பெட்டியைப் பிரித்துவிட்டீர்களே, அண்ணே!" என்பார் கடைக்காரர்.

இதைத் தவிர்க்க வழி உண்டு. கடைக்குப் போகுமுன் ஒரு தாளை எடுங்கள். வாங்க வேண்டிய சாமான்களை வரிசையாக எழுதுங்கள். பிறகு ஏழு பொருத்தம் பாருங்கள்.

என்னென்ன சாமான்?

கம்ப்யூட்டருக்குள் இருப்பவை ஏழெட்டுச் சாமான்கள்தான்.

கணக்குப் போடும் மூளை, பிராசஸர். அது உட்காரும் பலகை, மதர்போர்டு. வேலை நடக்கும்போது மட்டும் விஷயங்களை வைத்திருக்கும் மேஜை போன்றது, ராம். நிறுத்தினாலும் அழியாமல் வைத்திருக்கும் பீரோ போன்றது, எஸ்.எஸ்.டி. மின்சாரத்தை மாற்றிக் கொடுப்பது, எஸ்.எம்.பி.எஸ். சூட்டைத் தணிப்பது, கூலர் என்ற விசிறி. இவை எல்லாம் அடங்கும் பெட்டி, கேபினெட்.

இனிப் பொருத்தங்களைப் பார்க்கலாம்.

1. இருக்கைப் பொருத்தம்

மதர்போர்டின் மேல் சதுரமான ஓர் இருக்கை இருக்கும். அதற்குச் சாக்கெட் என்று பெயர். பிராசஸர் அதில்தான் உட்கார வேண்டும்.

பிராசஸர் செய்யும் பெரிய கம்பெனிகள் இரண்டு: இன்டெல், ஏ.எம்.டி. ஒன்றின் பிராசஸர் மற்றொன்றின் போர்டில் உட்காராது. ஒரே கம்பெனியிலும் இருக்கைகள் பலவகை. ஏ.எம்.டி.யின் ஏ.எம். 4 இருக்கை 2016-ல் வந்தது. அதில் உட்காரும் பிராசஸரின் அடியில் 1,331 ஊசிகள் உண்டு. 2022-ல் வந்த ஏ.எம். 5 வேறு வகை. பிராசஸரில் ஊசியே இல்லை, 1,718 தொடுபுள்ளிகள். இன்டெலில் எல்.ஜி.ஏ. 1700 என்ற இருக்கை 2021-ல் வந்தது. 2024-ல் எல்.ஜி.ஏ. 1851 வந்தது.

பெயரும் எண்ணும் அப்படியே ஒத்திருக்க வேண்டும். அழுத்தி உட்கார வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஊசி வளைந்தால் பணம் போச்சு!

இன்னொரு சங்கதி. இருக்கை ஒன்றாக இருந்தாலும், பழைய போர்டுக்குப் புதிய பிராசஸரைத் தெரியாமல் இருக்கலாம். போர்டுக்குள் பயாஸ் என்ற சிறு புரோகிராம் உண்டு. அதைப் புதுப்பித்தால்தான் அடையாளம் தெரியும். 2018-ல் வந்த பி 450 வகைப் போர்டில் 2021-ஆம் வருஷத்துப் பிராசஸரைப் பொருத்துவதானால் இதைச் செய்தாக வேண்டும். "பயாஸ் புதுசா?" என்று கடையிலேயே கேளுங்கள். போர்டு கம்பெனியின் இணையதளத்தில் எந்தெந்தப் பிராசஸர் பொருந்தும் என்ற பட்டியலும் இருக்கும்.

2. ராம் பொருத்தம்

ராமில் டி.டி.ஆர். 4, டி.டி.ஆர். 5 என்று இரண்டு வகை பெரிதும் விற்கின்றன. இரண்டிலும் 288 தொடுபுள்ளிகள். நீளமும் ஒன்றே. பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆனால் அடியில் உள்ள வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். அதனால் ஒன்றின் பள்ளத்தில் மற்றது இறங்காது.

ஏ.எம். 4 போர்டுக்கு டி.டி.ஆர். 4. ஏ.எம். 5 போர்டுக்கு டி.டி.ஆர். 5. எல்.ஜி.ஏ. 1700 போர்டில்தான் குழப்பம். சில போர்டு நாலாம் வகைக்கு. சில போர்டு ஐந்தாம் வகைக்கு. அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்த பிறகே ராம் வாங்க வேண்டும்.

2025-ன் பிற்பகுதியில் உலகமெங்கும் ராம் விலை ஏறியது. செயற்கை அறிவுக் கூடங்கள் ஏராளமாக வாங்கியதே காரணம். ஆகையால் முதலில் ராம் விலையைக் கேட்டுவிட்டு, பிறகு போர்டு வகையைத் தீர்மானிப்பது புத்திசாலித்தனம்.

படிப்புக்கு 16 ஜி.பி. தாராளம். அதை 8 ஜி.பி. இரண்டாக வாங்கினால் வேகம் கூடும். பணம் போதவில்லையா? இப்போது 8 ஜி.பி. ஒன்று போதும். ஒரு பள்ளத்தைக் காலியாக விடுங்கள். பிறகு அதே ரகத்தில் இன்னொன்று சேர்க்கலாம்.

3. படப் பொருத்தம்

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான்.

திரையில் படம் வர வேண்டுமானால், படம் வரையும் பகுதி ஒன்று வேண்டும். சில பிராசஸருக்குள்ளேயே அது இருக்கும். சிலவற்றில் இருக்காது. இல்லாவிட்டால் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். அது பெரிய செலவு.

வித்தியாசம் ஒரே ஓர் எழுத்தில் இருக்கிறது! இன்டெலின் ஐ 3 12100 பிராசஸரில் படம் வரும். ஐ 3 12100 எப் என்றிருந்தால் வராது. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600 ஜி வாங்கினால் படம் வரும். ஜி இல்லாத 5600-ல் வராது. மதர்போர்டின் பின்னால் மானிட்டர் சொருகும் துளை இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது. பிராசஸரில் படம் இல்லாவிட்டால் அந்தத் துளையால் பயன் இல்லை.

வீட்டில் பழைய மானிட்டர் இருந்தால், அதன் வயர் எந்தத் துளைக்கு உரியது என்றும் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. ஒரு வகை. 15 ஊசி உள்ள வி.ஜி.ஏ. பழைய வகை. போர்டிலும் அதே துளை இருந்தால் மாற்று வயர்ச் செலவு மிச்சம்.

4. அளவுப் பொருத்தம்

1995-ல் இன்டெல் கம்பெனி ஏ.டி.எக்ஸ். என்ற அளவு முறையை வெளியிட்டது. திருகு எங்கே, துளை எங்கே என்று அது வரையறுத்தது. அதனால்தான் ஒரு கம்பெனியின் போர்டு வேறு கம்பெனியின் பெட்டியில் பொருந்துகிறது.

முழு ஏ.டி.எக்ஸ். போர்டு 30.5 செ.மீ. நீளம், 24.4 செ.மீ. அகலம். மைக்ரோ ஏ.டி.எக்ஸ். இரு பக்கமும் 24.4 செ.மீ. 2001-ல் தைவானின் வியா கம்பெனி கொண்டு வந்த மினி ஐ.டி.எக்ஸ். 17 செ.மீ. சதுரம்தான்.

சின்னது என்றால் விலை குறைவாக இருக்க வேண்டும் அல்லவா? இங்கே தலைகீழ்! மினி ஐ.டி.எக்ஸ். போர்டும் அதற்கான சிறு பெட்டியும் பெரும்பாலும் விலை அதிகம். நகையில் நுண்ணிய வேலைக்குக் கூலி கூடுவது போலத்தான். பணமும் இடமும் இரண்டுமே குறைவாக உள்ள வீட்டுக்கு மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போர்டும், அதற்கென்றே செய்த சிறிய கேபினெட்டும் ஏற்றவை.

சிறிய போர்டு பெரிய பெட்டியில் பொருந்தும். பெரிய போர்டு சிறிய பெட்டியில் பொருந்தாது.

அலமாரித் தட்டையும் அளந்து கொள்ளுங்கள். பின்புறம் வயருக்கும் காற்றுக்கும் இடம் விட வேண்டும். நாலு பக்கமும் அடைத்தால் சூடு ஏறும்.

5. உயரப் பொருத்தம்

பிராசஸரின் தலைமேல் கூலர் நிற்கும். கோபுரம் போன்ற கூலர்கள் 15 அல்லது 16 செ.மீ. உயரம் இருக்கும். ஒல்லியான கேபினெட்டில் மூடி மூடாது.

எத்தனை மில்லிமீட்டர் உயரக் கூலர் அடங்கும் என்று கேபினெட் விவரத்திலேயே போட்டிருப்பார்கள். 5600 ஜி-யுடன் பெட்டியிலேயே வரும் கூலர் சுமார் ஐந்தரை செ.மீ.தான். படிப்பு வேலைக்கு அதுவே போதும். தனிக் கூலர் வேண்டாம்.

6. மின்சாரப் பொருத்தம்

எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் அளவு உண்டு. ஏ.டி.எக்ஸ். வகை 15 செ.மீ. அகலம், 8.6 செ.மீ. உயரம். எஸ்.எப்.எக்ஸ். என்ற சிறிய வகை 12.5 செ.மீ. அகலம், 6.35 செ.மீ. உயரம். கேபினெட் எதைக் கேட்கிறதோ அதைத்தான் வாங்க வேண்டும். சிறியது விலை அதிகம். ஆகவே, சாதாரண ஏ.டி.எக்ஸ். வகை பொருந்தும் சின்னக் கேபினெட்டாகத் தேடுவது சிக்கனம்.

எத்தனை வாட் வேண்டும்? 5600 ஜி-யில் 65 வாட் என்று குறித்திருக்கும். மும்முரமாக வேலை செய்தால் 88 வாட் வரை போகும். மற்றச் சாமான்களுக்கு 30, 40 வாட். மொத்தம் 150-ஐத் தாண்டாது. கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு நல்ல 400 அல்லது 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். போதும். 750 வாட் வாங்குவது வீண்.

ஆனால் தரத்தில் கஞ்சத்தனம் கூடாது. கேபினெட்டோடு சேர்த்துக் கொடுக்கும் பெயர் தெரியாத எஸ்.எம்.பி.எஸ்.ஸை நம்பாதீர்கள். அது கெட்டால் மற்றச் சாமான்களையும் கெடுக்கலாம். '80 பிளஸ்' முத்திரை உள்ளதா என்று பாருங்கள். வாங்கும் மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதம் வீணாகாமல் கம்ப்யூட்டருக்குப் போகும் என்பதற்கு அடையாளம் அது.

கரண்ட் பில் பயமா? கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 80 வாட் என்றால், தினம் 4 மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 20 யூனிட்டுக்குள்தான்.

7. பீரோப் பொருத்தம்

எஸ்.எஸ்.டி.யில் எம். 2 என்பது சூயிங்கம் பட்டை போன்ற சிறிய ரகம். வயர் இல்லை, இடமும் அடைக்காது. 2280 என்று எழுதியிருந்தால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம் என்று பொருள். போர்டில் அந்த நீளத்துக்குத் திருகு இடம் இருக்க வேண்டும்.

எம். 2-விலும் சாட்டா, என்.வி.எம்.இ. என்று இரண்டு ஜாதி. பின்னது பல மடங்கு வேகம். எல்லாப் போர்டும் இரண்டையும் ஏற்காது. போர்டு ஏற்பதை வாங்க வேண்டும்.

கவனம்! கவனம்!

வைபை எல்லாப் போர்டிலும் கிடையாது. செல்போன் இணையத்தையே நம்பும் வீடானால், வைபை உள்ள போர்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் யு.எஸ்.பி.யில் சொருகும் சிறு வைபை கருவி வாங்குங்கள்.

"ஐ 7 பிராசஸர், அரை விலை" என்று பழைய கம்ப்யூட்டரைக் காட்டுவார்கள். எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதி முடிந்தது. இன்டெலின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய பெரும்பாலான பிராசஸர்கள் விண்டோஸ் 11-க்கு ஏற்றவை அல்ல. காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் அவற்றில் ஓடும்.

எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. பில் வாங்குங்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்பது கடினம். முடிந்தால் போர்டு, பிராசஸர், ராம் மூன்றையும் ஒரே கடையில் வாங்கி, அங்கேயே மாட்டி, திரையில் எழுத்து வருவதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

ஒரே ஓர் எழுத்து!

அந்தத் தையற்காரர் குடும்பம் இந்தப் பொருத்தமெல்லாம் பார்த்துவிட்டுத் தாளோடு கடைக்குப் போகிறது. தாளில் இப்படி எழுதியிருக்கிறது:

பிராசஸர்: ரைசன் 5 5600 ஜி. போர்டு: ஏ.எம். 4, மைக்ரோ ஏ.டி.எக்ஸ். ராம்: டி.டி.ஆர். 4, 8 ஜி.பி. இரண்டு. எஸ்.எஸ்.டி.: எம். 2, என்.வி.எம்.இ., 2280. எஸ்.எம்.பி.எஸ்.: 450 வாட், 80 பிளஸ். கேபினெட்: மைக்ரோ ஏ.டி.எக்ஸ். கூலர்: பிராசஸருடன் வருவது.

கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைக்கிறார். "அண்ணே, இதுவும் 5600தான். இன்னைக்குச் சலுகை விலை!"

அப்பாவின் முகம் மலர்கிறது. கை பணப்பைக்குப் போகிறது.

மகள் பெட்டியைத் திருப்பிப் படிக்கிறாள். தாளையும் பார்க்கிறாள்.

"அப்பா, இதுலே ஜி இல்லேப்பா. வாங்கினா படம் வராது."

கடைக்காரர் சிரிக்கிறார். "பாப்பா விவரமான பொண்ணு!" என்று சொல்லி வேறு பெட்டியை எடுத்துக் கொடுக்கிறார்.

ஒரே ஓர் எழுத்து. அதைப் படித்ததால் சீட்டுப் பணம் தப்பியது. அன்று சாயங்காலம் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று விளக்கு எரிய உட்கார்ந்திருக்கும்.