பிளாஷ்: படைப்புக் கருவியும் அதன் உடைமையும்

இணையத்தில் அசையும் ஓவியங்களும் சிறு விளையாட்டுக்களும் பெருகிய காலப்பகுதியைப் பிளாஷ் என்னும் மென்பொருளினின்றும் பிரித்து நோக்குதல் இயலாது. எனினும், அதனைத் தொழில்நுட்பச் சாதனமாக மட்டுங் கருதுவோர், அதன் எழுச்சிக்கும் மறைவுக்கும் பின்னணியாயமைந்த உடைமை உறவுகளைக் காணத் தவறிவிடுகின்றனர்.

1996இல் பியூச்சர்ஸ்பிளாஷ் என்ற பெயரில் வெளிவந்த இம்மென்பொருளை, அவ்வாண்டிறுதியில் மக்ரோமீடியா நிறுவனம் வாங்கிப் பெயர் மாற்றியது. உருவங்களைக் கோடுகளின் கணித விபரங்களாக இது சேமித்தமையால், தொலைபேசிக் கம்பிவழி மெதுவாக இயங்கிய அன்றைய இணையத்திலும் படங்கள் விரைந்து வந்து சேர்ந்தன. ஆயின், நாம் முதன்மையாகக் கருதுவது பிறிதொன்று. கைவரைவு அசைவூட்டக் கூடங்களிலே ஓர் அசைவின் முக்கிய நிலைகளைத் தேர்ந்த ஓவியர் வரைவர். இடைப்பட்ட படங்களை உதவியாளர் பலர் வரைவர். இவ்விடைப்படங்களைப் பிளாஷ் தானே கணித்து நிரப்பியது. (அவ்வுதவியாளரின் பிழைப்பு என்னாகும் என்ற வினாவும் உடனெழும், அது தனியே ஆராயப்பட வேண்டியது.) 2000ஆம் ஆண்டில் அக்சன்ஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி சேர்ந்ததும், பார்வையாளரின் சொடுக்குக்கு ஏற்ப மாறும் ஆக்கங்கள் பெருகின. பெருமுதலின்றித் தனியொருவர் தம் அறையிலிருந்தே படம் ஆக்கிப் பரப்பலாயினர். உற்பத்திச் சாதனம் பரவலானமையின் முற்போக்கான பக்கம் இது.

முரண்பாடும் இங்கேயே கருக்கொண்டிருந்தது. ஆக்கம் ஆக்கியோருடையதாயினும், அதனை இயக்கிக் காட்டும் பிளேயர் நிறுவனத்தின் தனியுடைமையாகவே இருந்தது. 2005இல் அடோபி நிறுவனம் மக்ரோமீடியாவை ஏறத்தாழ 340 கோடி டொலருக்கு வாங்கியபோது, எண்ணிறந்த ஆக்கங்களின் ஆயுளும் உடன் கைமாறியது எனலாம். 2007இல் வெளிவந்த ஐபோனில் அப்பிள் நிறுவனம் பிளாஷுக்கு இடமளிக்கவில்லை. 2010 ஏப்பிரலில் ஸ்டீவ் ஜொப்ஸ் எழுதிய பகிரங்க மடல், பாதுகாப்புக் குறைகளையும் மின்கல விரயத்தையும் சுட்டியதோடு, பிளாஷ் ஒரே நிறுவனத்தின் பிடியில் உள்ளதெனவும் சாடியது. குற்றச்சாட்டு உண்மையே, தமது செயலிக் கடையின் வாயிலைத் தாமே காத்து நின்றவர் அதனைக் கூறியமைதான் வேடிக்கை.

2017இல் அடோபி முடிவை அறிவித்தது; 2020 டிசெம்பர் 31உடன் ஆதரவு நின்றது; 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஆக்கங்களை இயக்க மறுத்தது. ஏட்டைச் செல்லரித்தால் அதனை இயற்கையின் அழிவென்போம். இங்கோ ஏடு சிதையாதிருக்க, வாசிக்கும் வழி அடைக்கப்பட்டது.

மீட்புப்பணியைப் பெரிதும் மேற்கொண்டோர் ஊதியம் பெறாத ஆர்வலரே. பிளாஷ்பொயின்ட் என்னும் திட்டம் கோப்புக்களைத் திரட்டியது. ரபிள் என்னும் திறந்த மென்பொருள் பழைய பிளேயரின் பணியை ஏற்றது. 2020 நவம்பரில் இன்ரர்நெற் ஆர்க்கைவ் ரபிளைக் கொண்டு பழைய ஆக்கங்களைக் காட்சிக்கு வைத்தது. ஆயினும், நிறுவனங்களின் வழங்கிக் கணினிகளைச் சார்ந்து இயங்கிய விளையாட்டுக்களை, அவ்வழங்கிகள் அணைக்கப்பட்டபின் மீட்பது மிக அரிதாயிற்று.