குறுகிய குழாயில் குறையும் அழுத்தம்

பௌதிக சாஸ்திரத்தின் முதற்படிகளை ஏறிவரும் மாணாக்கர், எறிந்த பந்தையும் சாய்தளத்தையும் பற்றிய கணக்குகளை ஒருவாறு வென்று முடித்த பின்னரும், ஓடும் திரவத்தைப் பற்றிய அத்தியாயத்தை அடைந்ததும் திகைத்து நின்றுவிடுகின்றனர். பெருக்கலும் வர்க்கமும் தெரிந்தவருக்குச் சூத்திரம் எளிதாகவே வசப்படுகிறது. அது தரும் விடைதான் மனத்தில் ஒட்டுவதில்லை.

வீட்டுப்பாடமாக வழக்கமாய்க் கொடுக்கப்படும் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். கிடைமட்டமான குழாயொன்றின் குறுக்குப் பரப்பு ஓரிடத்தில் நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அகன்ற பகுதியில் தண்ணீர் வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் செல்கிறது. இரு பகுதிகளுக்கும் இடையே அழுத்த வித்தியாசம் யாது? உள்ளே புகுந்த நீரெல்லாம் வெளியேறியாக வேண்டுமாதலால், குறுகிய பகுதியில் வேகம் 4 மீட்டராகிறது. வேகங்களின் வர்க்க வித்தியாசமாகிய 15-ஐ, நீரின் அடர்த்தியாகிய 1,000-இல் பாதியால் பெருக்க, 7,500 பாஸ்கல் என்று விடை வருகிறது. அதுவரை சிரமமில்லை. எந்தப் பகுதியில் அழுத்தம் அதிகம் என்று உபாத்தியாயர் கேட்டவுடன், ஐயமின்றிக் குறுகிய பகுதியையே பலரும் சுட்டுகின்றனர், உண்மையோ நேர்மாறானது.

திருவிழாக் கூட்டம் கோபுர வாசலில் நெருக்குண்பதைப் போல, நீரும் குறுகிய இடத்தில் நசுங்குவதாக அவர்கள் எண்ணுகிறார்கள். கூட்டமோ வாசலில் வேகம் குறைந்து தேங்குகிறது; நெருக்கிச் சுருக்க இயலாத நீரோ அங்கே வேகம் கொள்கிறது. நின்றதை நகர்த்தவும் நகர்வதை விரைவாக்கவும் ஒரு விசை வேண்டும் என்று நியூட்டனின் விதியைப் பல மாதங்களாகப் படித்துவந்த மாணாக்கர், அதனை நீருக்குப் பொருத்திப் பார்ப்பதில்லை. அகன்ற பகுதியிலிருந்து குறுகிய பகுதிக்குள் நுழையும் நீர்த்துளியின் வேகம் நான்கு மடங்காக வேண்டுமானால், பின்னாலிருந்து அதைத் தள்ளும் அழுத்தம் முன்னாலிருந்து எதிர்க்கும் அழுத்தத்தைக் காட்டிலும் மிகுந்திருந்தே தீரவேண்டும்.

'ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் தண்ணீர் பீறிட்டு அடிக்கிறதே, அழுத்தம் கூடியதனால் அல்லவா?' என்ற ஆட்சேபம் நியாயமானதே. வாய் திறந்திருக்கையில் அழுத்தத்தின் பெரும்பகுதி குழாயின் நீளமெங்கும் உராய்வுக்கே செலவாகிறது. விரல் வழியை மறிக்கும்போது ஓடும் நீரின் அளவு குறைகிறது; அதனால் உராய்வின் இழப்பும் குறைந்து, விரலுக்குப் பின்னால் மெதுவாக நகரும் நீரில் அழுத்தம் உயர்கிறது. வெளியே பீறிடும் தாரையிலோ இருப்பது வாயுமண்டல அழுத்தம் மட்டுமே. ஆக, மெதுவான நீரில் அழுத்தம் அதிகம், விரைந்த நீரில் குறைவு என்ற நியதி இங்கும் பிறழவில்லை. பாடப்புத்தகச் சூத்திரம் உராய்வைக் கணக்கில் கொள்ளாததால்தான் நீண்ட குழாயின் நடத்தை அதற்கு அடங்காததுபோல் தோன்றுகிறது.

இந்தத் தடுமாற்றம் மாணாக்கருக்கு மட்டும் உரியதன்று. டேனியல் பெர்னௌலி 'ஹைட்ரோடைனமிக்கா' என்னும் நூலை 1738-இல் ஸ்டிராஸ்பர்க் நகரில் வெளியிட்டார். எனினும், இன்று அவர் பெயரால் வழங்கும் சமன்பாடு, அதாவது மேலே கண்ட கணக்கின் சூத்திரம், இன்றைய வடிவில் அந்நூலில் இல்லை. ஓடும் திரவத்தின் உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் அழுத்தம் உண்டு என்ற கருத்தைத் தெளிவுபடுத்தி, நியூட்டனின் விதியிலிருந்து இயக்கச் சமன்பாடுகளை வகுத்தவர் அவருடைய நண்பர் ஆய்லர். அவ்வாராய்ச்சி அச்சேறியது 1757-இல். பேரறிஞர்களுக்கே இரண்டு தசாப்தங்கள் பிடித்த ஒரு கருத்தை ஒரு வாரப் பாடத்தில் கற்பித்துவிட்டு, விளங்கவில்லையே என்று பிள்ளைகளைக் கடிந்துகொள்வதில் அர்த்தமில்லை.

எண்களைச் சூத்திரத்தில் இடுவதற்கு முன், ஒரு துளி நீரை மனத்தால் பிரித்தெடுத்து, அதைத் தள்ளுவது எது, தடுப்பது எது, அதன் வேகம் கூடுகிறதா குறைகிறதா என்ற மூன்று கேள்விகளை எழுதிவைக்கும் பழக்கத்தை ஆசிரியர்கள் ஊட்டுவார்களாயின், அழுத்தம் எந்தப் பக்கம் அதிகம் என்பதைக் கணக்கைத் தொடங்குமுன்னரே மாணாக்கர் சொல்லிவிடுவர். பிறகு வரும் 7,500 பாஸ்கல், அவர்கள் ஏற்கெனவே அறிந்துகொண்டதன் அளவை மட்டுமே தெரிவிக்கும்.