கடலடியில் ஒரு பகல்

சென்ற வாரம் நெதர்லாந்தின் ஐஸல் ஆற்றங்கரையில், காம்பன் நகரோடு நிறுத்தியிருந்தோம். அங்கிருந்து வடமேற்கே போய்ப் பாலத்தைத் தாண்டினால் நோர்தோஸ்ட்போல்டர். இப்போது சைக்கிள் உருளும் இந்தத் தரையில் ஒரு காலத்தில் மீன்பிடிப் படகுகளின் நிழல் விழுந்திருக்கும். ஸாய்டர்ஸே என்ற உள்கடலின் வாயை 32 கிலோமீட்டர் நீள அணையால் 1932-ல் மூடி, அதை ஏரியாக்கினார்கள். பிறகு ஏரியின் ஒரு பகுதியைக் கரை போட்டு வளைத்து, நீரை இறைத்து வெளியேற்றினார்கள். 1942-ல் வெளியே வந்த நிலம் இது. பல இடங்களில் கடல் மட்டத்துக்கு 4 மீட்டர் கீழே இருக்கிறது.

ஏப்ரல் கடைசி. உருளைக்கிழங்குக்குப் பிடித்த பார்கள் தொடுவானம் வரை நேர்கோடாக ஓடுகின்றன. நடுநடுவே துலிப் வயல்கள், சிவப்பும் மஞ்சளுமாக. இந்தப் பூக்கள் பெரும்பாலும் சந்தைக்குப் போவதில்லை. மலர்ந்து கொஞ்ச நாளில் இயந்திரம் வந்து தலைகளைக் கொய்துவிடும். செடியின் சத்தெல்லாம் மண்ணுக்குள் இருக்கும் கிழங்குக்கு இறங்க வேண்டும், விற்பனைக்கு உரியது அதுதான். கொய்த பூக்கள் வரப்போரம் குவிந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

எதிர்க்காற்று மேற்கிலிருந்து விடாமல் அடிக்கிறது. ஒவ்வொரு பண்ணை வீட்டையும் சுற்றி அடர்த்தியாக மரம் வளர்த்திருக்கிறார்கள். அதன் மறைவில் போகும் அரை நிமிடம் பெடல் இலேசாகும். தாண்டியதும் மறுபடி கனக்கும். காலையெல்லாம் அப்படிப் பண்ணைக்குப் பண்ணை தாவித்தான் போனேன்.

இந்த நிலத்தைத் திட்டமிட்டவர்கள் மனத்தில் இருந்த வாகனமும் சைக்கிள்தான். நடுவில் எம்மலோர்ட் நகரம், அதைச் சுற்றி வளையமாக 10 கிராமங்கள். பண்ணையாளும் பள்ளிப் பிள்ளையும் மிதித்துப் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் ஊர்கள் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். வீடுகள் எழும்பி முடிவதற்குள் கார் வந்துவிட்டது. ஊர்கள் எதிர்பார்த்த அளவுக்கு வளரவில்லை. அடுத்து மீட்ட கிழக்கு ஃப்ளேவோலாந்தில் கிராமங்களின் எண்ணிக்கையையே வெகுவாகக் குறைத்தார்கள். கணக்குத் தவறியது என்று திட்ட வல்லுநர்கள் சொல்லலாம். சைக்கிளில் வருகிறவன் கண்ணுக்கு இதைவிடச் சரியான கணக்கு இல்லை. தண்ணீர் தீரும் நேரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம் தெரிந்துவிடுகிறது. மனிதக் காலின் வலுவை அளவாக வைத்து ஒரு நிலப்பரப்பையே வரைந்திருக்கிறார்கள் என்பதை நான் மிக உயர்வாக நினைக்கிறேன்.

என்ஸ் ஊரைத் தாண்டியதும் வயல்களுக்கு நடுவே நீளமாக ஒரு திட்டு. ஸ்கொக்லாண்ட். கண் அதை மேடு என்று ஒப்புக்கொள்ளும் முன்னே முழங்கால் கண்டுகொள்கிறது. ஒரு காலத்தில் இது தீவு. அலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையைத் தின்றது, வறுமை மிஞ்சியதைத் தின்றது. 1859-ல் அரசாணை போட்டு மக்களை வெளியேற்றினார்கள். இன்று சுற்றிலும் பயிர். வடக்கு முனையில் பழைய துறைமுகத்தைச் சீரமைத்து வைத்திருக்கிறார்கள்: மரத்தாலான படகுத்துறை, அதன் முன்னே புல்வெளி. அலையைத் தடுக்க ஊன்றிய மரத்தூண்களின் பக்கத்தில் நின்றால், அலை எந்த உயரத்துக்கு வந்திருக்கும் என்று தலைக்கு மேலே அண்ணாந்து பார்க்கத் தோன்றுகிறது. வடிந்த நிலத்தில் தீவின் மண் இறுகி அமிழ்வதால், அதைக் காப்பாற்ற இப்போது அருகில் நிலத்தடி நீரை வேண்டுமென்றே உயர்த்தி வைக்கிறார்கள். 1995 முதல் இது உலகப் பாரம்பரியச் சின்னம்.

நாகெலேயில் தட்டைக் கூரை வீடுகளைப் பார்த்துக்கொண்டே கடந்தேன். ரீட்வெல்ட், ஆல்டோ ஃபான் ஐக் போன்ற பெரிய கட்டடக் கலைஞர்கள் கூடி வரைந்த கிராமம். தனிக் கட்டுரைக்கு உரியது.

உர்க்கில் பசி ஆறியது. 1939-ல் கரை வந்து தொடும்வரை இதுவும் தீவு. கடல் போனாலும் மீன் தொழில் போகவில்லை. இங்கத்துப் படகுகள் வடகடலுக்குப் போய் வருகின்றன. மாவில் தோய்த்துப் பொரித்த கிப்பலிங் துண்டுகளைக் காகிதத் தட்டில் வாங்கி, துறைமுகச் சுவரில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அங்கிருந்து வடக்கே லெம்மர் வரை கரையோரப் பாதை. இடப்பக்கம் ஏரி, வலப்பக்கம் அதைவிடத் தாழ்வாக வயல். நீர் உயரத்தில், நிலம் பள்ளத்தில். இந்தக் காட்சி கண்ணுக்குப் பழகவே மறுக்கிறது. காற்றாலைகள் வரிசையாகச் சுழல, காலையில் முகத்தில் அடித்த காற்று இப்போது முதுகைத் தள்ளியது. லெம்மரில் 1920-ல் கட்டிய வவ்டா நீரேற்று நிலையம் இருக்கிறது. ஃப்ரீஸ்லாந்தில் வெள்ளம் மிகும்போது அதன் நீராவி இயந்திரங்களை இன்றும் இயக்குகிறார்கள். அடுத்த வாரம் அதற்குள் போவோம்.