பின்வரிசை இல்லாத வகுப்பு

1985-ல் அமெரிக்காவின் டென்னசி மாநிலம் துணிச்சலான ஒரு காரியத்தில் இறங்கியது. வகுப்பில் பிள்ளைகள் குறைந்தால் படிப்பு கூடுமா என்று மேடைபோட்டு வாதிடாமல், பள்ளிகளிலேயே சோதித்துப் பார்க்கப் பணம் ஒதுக்கியது. 'ஸ்டார்' எனும் அந்தத் திட்டத்தில் 79 பள்ளிகள் சேர்ந்தன. மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்புவரை நான்கு ஆண்டுகள் சோதனை நடந்தது.

ஒரே பள்ளிக்குள் மூன்று விதமான வகுப்புகள் அமைத்தார்கள். ஒன்றில் 13 முதல் 17 பிள்ளைகள் மட்டும்; இன்னொன்றில் வழக்கம்போல 22 முதல் 25 பேர்; மூன்றாவதிலும் அதே 22-25 பேர்தான், ஆனால் ஆசிரியருக்குத் துணையாக ஓர் உதவியாளர். எந்தப் பிள்ளைக்கு எந்த வகுப்பு, எந்த ஆசிரியருக்கு எந்த வகுப்பு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்தார்கள். ஆய்வின் பலமே அதுதான். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் கெட்டிக்கார ஆசிரியர்களும் சிறு வகுப்பில் சேர்ந்துகொண்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

சிறு வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். அதிலும் கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பலன் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு. உதவியாளர் இருந்த பெரிய வகுப்பில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. நான்காம் வகுப்பில் எல்லோரும் பழையபடி பெரிய வகுப்புக்குத் திரும்பினார்கள். ஆனாலும் பின்னாளில் பொருளியல் அறிஞர் ஆலன் க்ரூகர் ஆராய்ந்தபோது, சிறு வகுப்பில் தொடங்கியவர்களில் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதியோர் கூடுதலாக இருந்தது தெரியவந்தது.

ஏன் இப்படி? பிள்ளைகள் குறைந்ததும் ஆசிரியர்கள் பாடம் நடத்தும் விதத்தை மாற்றியிருப்பார்கள் என்றுதான் தோன்றும். அது பெரிதாக மாறவில்லை. மாறியது பிள்ளைகள் நடந்துகொண்ட விதம் என்கிறார் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜெரமி ஃபின். சிறு வகுப்பில் அவர்கள் பாடத்தில் அதிகம் ஈடுபட்டார்கள், சேட்டை குறைந்தது.

நம் ஊர் வகுப்பு ஒன்றை நினைத்துப் பாருங்கள். கரும்பலகையில் 52-லிருந்து 27-ஐக் கழிக்கிறார் ஆசிரியர். "புரிஞ்சுதா?" என்றதும் "புரிஞ்சுது டீச்சர்" என்று கோரஸாகப் பதில் வருகிறது. கடைசி வரிசைப் பையனும் அதில் சேர்ந்துகொள்கிறான். அவன் நோட்டில் இருப்பது 35. கடன் வாங்காமல், 7-லிருந்து 2-ஐக் கழித்து வைத்திருக்கிறான். 15 பேர் இருந்தால் ஆசிரியர் அந்தப் பக்கம் வந்து குனிந்து பார்த்திருப்பார். அரை நிமிடத்தில் சரியாகியிருக்கும். 45 பேர் என்றால், 45 நிமிடப் பாடவேளையில் ஆளுக்கு ஒரு நிமிடம்தான். அந்த 35 அப்படியே தங்கிவிடுகிறது. அடுத்த வாரம் பத்துக் கணக்கும் தப்பு, அதற்கடுத்து, "எனக்குக் கணக்கு வராது." ஆர்வமில்லாத பிள்ளை என்று நாம் பெயர் வைப்பது பெரும்பாலும் இப்படிக் கவனிக்காமல் விடப்பட்ட பிள்ளைக்குத்தான்.

எண்ணிக்கையைக் குறைத்தால் மட்டும் போதும் என்பதும் இல்லை. 1996-ல் கலிஃபோர்னியா, தொடக்க வகுப்புகளில் சுமார் 30 ஆக இருந்ததை அவசர அவசரமாக 20 ஆக்கியது. திடீரென்று ஆயிரக்கணக்கில் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். முழுத் தகுதி பெறாதவர்களும் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். ஏழைப் பகுதிப் பள்ளிகள்தான் அதில் அதிகம் அடிபட்டன.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. அங்கே தொடக்கநிலை 1, 2-க்கு மேல் ஒரு வகுப்பில் 40 பேர்வரை உட்காரலாம். ஆனால் முதல் வகுப்பில் சேரும்போதே வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறிந்து, எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுவாக உட்காரவைத்துத் தினமும் அரைமணி நேரம் தனியாகச் சொல்லித்தருகிறார்கள். பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் 'பீசா' தேர்வில், 2022-ம் ஆண்டு கணிதம், அறிவியல், வாசிப்பு மூன்றிலும் முதலிடம் சிங்கப்பூருக்கு.

இந்தியாவில் 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 60 பிள்ளைகள்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்கிறது. ஆளுக்கு 30 பேர். விகிதம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இருவரும் ஐந்து வகுப்புகளைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்தில் விகிதத்தைக் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளை உட்காரும் அறையில் எத்தனை பேர், எத்தனை வகுப்புகள், அவர்களுடைய நோட்டை ஆசிரியரால் எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க முடிகிறது என்று கேளுங்கள்.